உன் கல்யாணத்தில் மைக் ஊளையிட்டுவிட்டால்

மகளே,

எனக்குப் பயமாக இருக்கிறது. நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் தொடங்க முடியாது. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். தைத்து வந்த கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, கை இறுக்குகிறது என்று தையல்காரியைப் போனில் திட்டிக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்து நேரிலேயே சொல்லலாம். சொன்னால் முதல் வரியிலேயே "சும்மா இரி அம்மா, ஒண்ணும் ஆவாது" என்பாய். நானும் சரி என்று போய்விடுவேன். எழுதினால் என்னை நீ இடையில் நிறுத்த முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நீ படித்ததும் இதை மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டுத் தன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் முதலில் இருந்து சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

பயம் இதுதான். உன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் மண்டபத்து மைக் ஊளையிடும். வந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்துவார்கள். சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் அது கேட்காது.

சம்பந்தியம்மாவுக்காகச் சொல்கிறேன். கூட்டங்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். யாராவது மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்குவார், கீச்சென்று ஒரு சத்தம் காதைத் துளைக்கும், "ஹலோ ஹலோ" என்று அவர் மைக்கைத் தட்டுவார். மைக்கில் ஏதோ கோளாறு என்று எல்லாரும் நினைப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை. ஸ்பீக்கர் பாக்ஸில் இருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி கேட்டுவிடுகிறது. கேட்டதைப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. பாக்ஸ் அதைப் பெரிதாக்கிக் கத்துகிறது. மைக் அதையும் கேட்கிறது. இப்படி ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டு ஒரு மூச்சு விடுவதற்குள் ஊளையாகிவிடும். அது வராமல் இருக்க ஒரே வழி என்று இல்லை, பல சின்ன வழிகள்தான். பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், சனங்களைப் பார்த்து. பாடுகிறவர் வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். நான் மிக்சரில் உட்கார்ந்து சத்தத்தைக் கண்டபடி ஏற்றக்கூடாது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக்கூடாது. யாரும் பேசாத மைக்கைத் திறந்து வைக்கக்கூடாது. சனங்கள் வரும் முன்பே வேண்டுமென்று சத்தத்தை ஏற்றி, மைக்கைக் கூவவைத்து, எந்தச் சுருதியில் கூவுகிறதோ அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் வெட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் அது வரும். ஆனால் திடீரென்று வராது. முதலில் நூல் மாதிரி ஒரு ரீங்காரம் வரும். பாடகர் ஒரு சொல்லை முடித்தபின் அந்தச் சொல்லின் வால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அந்த வாலைக் கேட்டுக் கையைக் கீழே இழுப்பவர்தான் மைக் செட்காரர். மற்ற எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடலாம். அந்த வால்தான், மகளே, எனக்குக் கேட்பதில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே காதை நம்பித்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்த்துவிட்டார்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உனக்குத் தெரியும், இன்றைக்கும் முழுசாக ஒரு சினிமா பார்க்க என்னால் முடியாது. லேபில் ஆஸிலேட்டர் வரைபடம் வரைந்துகொண்டிருந்த ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு போகவே இல்லை. வீட்டுக்குத் தெரிவதற்குள் ஒரு திருவிழாவும் முடிந்துவிட்டது. அந்தத் திருவிழாவில்தான் உன் அப்பா மேடை ஓரமாகப் பாக்ஸைப் பாடகிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊளை ஏன் வருகிறது என்று வயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், "பாக்ஸை முன்னால தள்ளுங்க, வயரு என்ன பாவம் செஞ்சுது?" என்றேன். "ஆரு பிள்ளே நீ?" என்றார். "காது உள்ளவ" என்றேன். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. சாலைக் கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்றுக்கொண்டிருந்த என் அப்பா, "இஞ்சினியர் ஆவாள்னு பாத்தேன், வயரு சுத்தப் போறாளாம்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆரியசாலையில் எங்கள் கடையைத் திறந்தபோது வயர் தொங்கவிடக் கொக்கிகள் கொடுத்தனுப்பியதும் அவர்தான்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எங்களுக்குள் ஒரு கைமொழி உண்டாகிவிட்டது. மண்டபத்தின் நடுவில் நீ நிற்பாய். நான் ஒரு மூலையில் மிக்சரில் இருப்பேன். ஊளையின் வால் கேட்டால் நீ கையைக் காட்டுவாய். வயிற்றுக்கு நேராகக் காட்டினால் அடியில் உறுமுகிறது. காதுக்கு நேராகக் காட்டினால் நடுவில். தலைக்கு மேலே தூக்கினால் உச்சியில், கீச். நான் அந்த இடத்தை வெட்டுவேன். கல்யாண வீடுகளில் உன்னைப் பார்த்து, "அந்தப் பிள்ளை ஆருக்கு டாட்டா காட்டுது?" என்று கேட்டவர்கள் உண்டு. முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. எப்போது அது இல்லாமல் எனக்கு முடியாமல் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உன் கை தலைக்கு மேலே போகும் தடவைகள் கூடிக்கொண்டே வந்தன. மண்டபங்களில் இப்போது கண்ணாடியும் டைல்ஸும் கூடிவிட்டன, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இன்வெர்ட்டர். மழையில் கரண்ட் போன ஒரு மத்தியானம். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ அறையில் இருந்து கத்தினாய். "அம்மா, இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவுது, கத்துது. கேக்கலியா?" இன்வெர்ட்டர் என் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "கேக்குது, கேக்குது" என்றேன்.  ஒரு முட்டாள் பெட்டி தலைக்கு மேலே நின்று கத்துகிறது, பக்கத்து அறையில் கதவை மூடியிருப்பவளுக்குக் கேட்கிறது, அடியில் நிற்கும் எனக்கு வெறும் மழைச் சத்தம்.

பயந்தவள் என்ன செய்வாள்? இன்னொரு பெட்டி வாங்கினேன். ஊளை வந்தால் தானே கண்டுபிடித்துத் தானே வெட்டும் பெட்டி. "என்னத்துக்கு இது? பிள்ளையும் நீயும் செய்யாததையா இது செய்யப்போவுது?" என்று உன் அப்பா கேட்டார். "பிள்ளை கல்யாணம் ஆகிப் போயிருவால்லா?" என்றேன். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அதை முதலில் மாட்டிய கல்யாணத்துக்கு நீ வரவில்லை, பரீட்சை எழுதப் போயிருந்தாய். நம்மூர்க் கல்யாணம்தான். ஐயருக்குத் துண்டில் குத்தும் சின்ன காலர் மைக், நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஆளுக்கொரு மைக், மேடை ஓரத்தில் ஒரு பாக்ஸ். கிழக்கேக்கோட்டைப் பக்கத்து மண்டபம். முகூர்த்தம் நெருங்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு நாதஸ்வரக்காரர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நின்றார். அசையாமல், கம்பி மாதிரி. அதை அந்தப் பெட்டி ஊளை என்று நினைத்துவிட்டது. மகளே, யாருக்கு ஊளைக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாது? பெட்டிக்குத் தெரியாது. நீண்டு நிற்பதெல்லாம் அதற்கு ஊளை. வெட்டியது. அவர் மறுபடி பிடித்தார், மறுபடி வெட்டியது. பெண்கள் குரவையிட்டார்கள், அதையும் வெட்டியது. நாதஸ்வரம் ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கால் பாடியது. நாதஸ்வரக்காரர் வாசித்தபடியே என்னை முறைத்தார். நான் சத்தத்தை ஏற்றினேன். பெட்டி வெட்டியது. நான் இன்னும் ஏற்றினேன்.

பெண்ணின் தாய்மாமா விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். கெட்டிமேளம் எதற்கு என்று சம்பந்தியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாலி ஏறும் அந்த நொடியில் தும்மலோ அழுகையோ வேண்டாத ஒரு சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் மேளத்தை அப்படிக் கொட்டுவது. அந்த நொடியில் சத்தம் சுருங்கிக் கிடக்கிறதே என்று பதறி நான் பெட்டியை அணைத்தேன். அதுவரை அதை முந்துவதற்காக ஏற்றி வைத்த சத்தம் எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. ஐயரின் காலர் மைக் திறந்திருந்தது. அவர் தாலியை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார், மேடைப் பாக்ஸுக்கு நேராக.

மேளத்துக்கு மேலே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கைகளைத்தான் பார்த்தேன். முன் வரிசையில் ஒருத்தி காதைப் பொத்தினாள். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் காதுக்குப் போயின. ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்து அழுதது. தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கெட்டிமேளம் நின்றுவிட்டது, மண்டபத்தில் ஊளை மட்டும் இருக்கிறது. நம் கடைப் பையன் ஷிபு மேடை ஓரத்தில் இருந்து ஓடி வந்தான். "சேச்சி! கூவுந்நு! தாழ்த்து, தாழ்த்து!" என்று அவனே மிக்சரில் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடர் எல்லாவற்றையும் கீழே இழுத்தான். அதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருந்தார். ஒரு சத்தமும் இல்லாத மண்டபத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "இது நல்லதுக்கில்லே, பாத்துக்கிடு" என்று சொன்னதாக ஷிபு பிறகு சொன்னான். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்?

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஈரத் தரையில் யாரும் விழலாம். ஆனால் அந்த வீட்டில் ஈரத் தரையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அந்தப் பெண் நம் கடைக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? மஞ்சள் கயிறு புதிசாகவே இருந்தது. வந்தவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஆன்ட்டி, கல்யாண வீடியோல இருந்து அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துத் தர முடியுமா? அத்தை வாறவங்களுக்கெல்லாம் அந்த எடத்தத்தான் போட்டுக் காட்டுகாங்க" என்றாள். நீதான் லேப்டாப்பில் உட்கார்ந்து எடுத்தாய். நான் உன் தோளுக்குப் பின்னால் நின்றேன். நீ ஒருமுறை ஓடவிட்டாய். "போயிட்டா?" என்று கேட்டேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "இன்னும் எடுக்கவே இல்லியே அம்மா" என்றாய். பிறகு ஒன்றும் கேட்காமல் திரும்பி வேலையைப் பார்த்தாய். எனக்கு அப்போதே தெரியும், உனக்குத் தெரிந்துவிட்டது என்று. நாம் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஊளையை நீ சுத்தமாக எடுத்துக் கொடுத்தாய். மேளம் நின்ற இடத்தை உன்னாலும் நிரப்ப முடியவில்லை. அவள் பென் டிரைவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். இப்போது எப்படி இருக்கிறாளோ. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அவள் வீட்டுத் தெருவை நான் பார்ப்பதில்லை.

காது டாக்டரிடம் போனேன். உன்னிடம் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான். சின்ன கிளினிக். ஒரு மலையாளிப் பெண் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன், அமுக்கினேன், பிறகு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "சேச்சி, கேட்டில்லே?" என்றாள். "இன்னும் போடலியே?" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஹெட்போனுக்குள் அவள் போட்ட சத்தம் வெளியே கசிந்து, எதிரில் உட்கார்ந்திருந்த அவளுக்கே கேட்டுக்கொண்டிருந்ததாம். தவிலுக்கும் பாக்ஸுக்கும் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்த காது, உச்சியில் இருக்கும் சத்தங்களை இழந்துவிட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். காது மெஷின் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். பேச்சு பளிச்சென்று கேட்டது. காதில் என்னவோ இருக்கிறதே என்று கையைக் கொண்டுபோய் மூடிப் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "என்ன?" என்றேன். "விசிலடிக்குந்நு, சேச்சி." காது மெஷினிலும் ஒரு மைக், ஒரு பாக்ஸ்தானே. கையால் பொத்தினால் அதுவும் ஊளையிடும். என் காதுக்குள்ளேயே ஊளை, எனக்குக் கேட்கவில்லை.  அந்த மெஷின் இப்போது என் ஹேண்ட்பேகில் ஹேர்பின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிக்சர் வேலைக்கு அது உதவாது, கேட்டுவிட்டேன். அதற்குள்ளும் ஊளையை வெட்டும் ஒரு குட்டிச் சாமான் வைத்திருக்கிறார்களாம். மண்டபத்து ஊளையின் வாலைத் தன்னுடைய ஊளை என்று நினைத்து, என் காதுக்கு வரும் முன்பே வெட்டினாலும் வெட்டுமாம்.

இப்போது உன் கல்யாணம். மண்டபம் பார்த்த அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? தாரை வார்க்கும்போது அப்பா கையில் தண்ணீர் ஊற்ற நான் மேடையில் இருக்க வேண்டும், ஊற்றியதும் இறங்கி ஓடி வந்து மிக்சரில் உட்கார்ந்துகொள்வேன் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பட்டுச்சேலை கெட்டிக்கிட்டு ஓடுவியா? தட்டி விழுந்தா அதுவும் வீடியோல வரும், கேட்டியா." சிரித்து முடித்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாய். "நீ பயப்படாண்டாம் அம்மா. நான் மேடையிலதானே இருக்கப்போறேன். கூவுக மாதிரி கேட்டா கையைக் காட்டுகேன்."

அன்றைக்குத் தொடங்கிய பயம்தான் மகளே, இது. முன்பு ஊளையை நினைத்துப் பயந்தேன். இப்போது உன் கையை நினைத்துப் பயப்படுகிறேன். மாலையும் நெத்திச்சுட்டியுமாகக் குனிந்து உட்கார்ந்து, முன்னால் நெருப்பு, பின்னால் நாத்தனார் பிடித்த விளக்கு, கழுத்தில் ஒருத்தர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நீ தலைக்கு மேலே கையைத் தூக்கப்போகிறாயா? தூக்குவாய். உன்னை எனக்குத் தெரியும். அந்த நொடியில் உனக்கு மாப்பிள்ளை தெரியமாட்டார், ஐயர் தெரியமாட்டார், பாக்ஸின் வால் மட்டும்தான் காதில் இருக்கும். நான் மற்ற பெண்களின் கல்யாணத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் மகள் தன் கல்யாணத்திலேயே அப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமா?

உன் மாமியார் நல்ல மனுஷி, எனக்குப் பிடிக்கும். ஆனால் நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றும்போது யாரோ தும்மியதும், "தும்மல் விழுந்தாச்சு, கொஞ்சம் பொறுத்து மாத்துவோம்" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டார். எல்லாரும் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தோம். தும்மலுக்கே அப்படி என்றால்? சம்பந்தியம்மா, நீங்கள் இதைப் படித்துக் கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஒரு பால் பாத்திரம் பொங்கி வழிந்தால், என் மைக்கின் ஊளையை என் மகளின் கழுத்தில் கட்டமாட்டீர்களே?

பெரிய மாமா வேறு தினமும் போன் போடுகிறார். "ஏட்டி, மைக் செட்காரி வீட்டுக் கல்யாணம்னா பாளையம் வரைக்கும் கேக்கணும். நாலு பாக்ஸ் கூடுதலா வை." நான் "வைக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன். வெளியாட்களை வைத்துவிடலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், காதையும் சேர்த்து.  "வெளியாளு வந்தா மட்டும் ஊளை வராதா?" என்றார். உண்மைதான். யார் உட்கார்ந்தாலும் திறந்த மைக் திறந்த மைக்தான்.

அதனால் போன வாரம் ஷிபுவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். தவில்காரரோடு நாதஸ்வரக்காரரையும் வரச் சொன்னேன். ஆமாம், அன்றைக்கு என்னை முறைத்த அதே ஆள். உன் அப்பா வேண்டுமென்றே அவரைத்தான் பேசியிருக்கிறார். வந்ததும் அவர் முதலில் சொன்னது, "அம்மா, என்ன வேணும்னாலும் செய்யுங்க, அந்தப் பெட்டிய மட்டும் கொண்டாராதீங்க." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிக்சரைத் திறக்காமல் வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மெஷினை மாட்டவில்லை, என் காதோடுதான் உட்கார்ந்தேன். தவில் நெஞ்சில் இடித்தது. நாதஸ்வரத்தின் உச்சி எனக்குக் கொஞ்சம் மழுங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. ஷிபு பின்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கினான். அங்கேயே முடிவு செய்தேன்.

உன் தாலிகட்டுக்கு மைக் கிடையாது. ஐயர் தாலியைக் கையில் எடுக்கும் முன்பே ஷிபு எல்லா ஃபேடரையும் அடிவரைக்கும் இழுத்துவிடுவான். கெட்டிமேளம் தோலிலும் கையிலும் இருந்து வரும், குரவை தொண்டையில் இருந்து வரும். கடைசி வரிசைக்கு மந்திரம் கேட்காது. கேட்டவர்களுக்கு மட்டும் அர்த்தம் தெரிகிறதா என்ன? வீடியோவுக்கு மைக் ஓடும், பாக்ஸுக்குப் போகாது. பாக்ஸுக்குப் போகாத மைக் ஊளையிட முடியாது, இதை மாப்பிள்ளை தன் அம்மாவுக்கு விளக்கட்டும். மைக் செட்காரி மகள் கல்யாணத்தில் மைக் இல்லையா என்று சனங்கள் சிரிப்பார்கள். பெரிய மாமா மேடையில் நின்று "சவுண்டு! சவுண்டு!" என்று கத்துவார். கத்தட்டும், அவருக்கும் மைக் இல்லை. நான் தாரை வார்த்துவிட்டு எங்கேயும் ஓடமாட்டேன். மேடையிலேயே நிற்பேன்.

உன் கை மடியில் இருக்கட்டும். ஒன்றையும் கேட்டுக் கவனிக்க வேண்டாம். எந்தச் சத்தத்தின் வாலையும் பிடிக்க வேண்டாம். முதல் தடவையாக ஒரு கல்யாணத்தில் சும்மா இரி.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. தவிலின் வார் அறுந்தால்? மண்டபத்துக்காரர் தன்னுடைய மைக்கை எடுத்து அறிவிப்பு செய்தால்? யாராவது தும்மினால்? நீ நாகர்கோவில் போனபின் போனில் பேசும்போது உன் குரலில் ஏதாவது மெலிதாக நடுங்கி, அது எனக்குக் கேட்காமல் போனால்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் செய்ததைச் செய்யாதே. இன்வெர்ட்டருக்கு அடியில் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டு "கேக்குது, கேக்குது" என்று சொல்லாதே. அந்த வீட்டில் உனக்கு ஒன்று கேட்கவில்லை என்றால், புரியவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றால், கேக்கல என்று சொல். மாப்பிள்ளையும் அப்படியே சொல்லட்டும். என்னிடம் பேசும்போது மெல்ல நடுங்கிக் காட்டாதே, பச்சையாகச் சொல். உச்சியில் இருப்பது எனக்கு விழாது. நீயும் தொழிலுக்குப் போகும்போது காதில் பஞ்சு வை, தவில்காரர் சிரித்தாலும் வை.

இன்னும் ஒன்று. தாலி ஏறியதும் நான் உன்னைக் கட்டிப்பிடிப்பேன். அன்றைக்கு மெஷினை மாட்டிக்கொண்டுதான் வருவேன், குரவையும் மேளமும் நீ என்னிடம் சொல்லும் முதல் சொல்லும் முழுசாகக் கேட்க வேண்டும் எனக்கு. உன் கன்னம் என் காதில் படும். பட்டதும் அது கீச்சென்று கூவும். உனக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. கூவினால் மைக்கைத் தள்ளிப் பிடி என்றுதான் இத்தனை வருஷமும் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு மட்டும் தள்ளாதே. கொஞ்ச நேரம் கூவட்டும்.

அம்மா